சுண்ணாம்பு வாளியில் ஓர் அங்கி

குழந்தை பிழைத்தால் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை அவளுக்கு அந்தோணியாரின் பழுப்பு அங்கியைப் போட்டுக் கோயிலுக்குக் கூட்டி வருவதாக என் மனைவி சகாயமேரி நேர்ந்துகொண்டாள். ரோஸி பிழைத்தாள். காப்பாற்றியது ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் போட்ட ஊசி என்பது என் கட்சி.

பழுப்புத் துணி கடையில் கிடைக்கவில்லை. சகாயமேரி வெள்ளை மல் துணியில் அங்கி தைத்தாள். ஏரிக்கரை வேலம்பட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் ஒரு பகல் முழுக்க ஊறப்போட்டாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் எடுத்துக் காட்டினாள்.

“இன்னாமே இது, டீத்தண்ணி கொட்டுன மாதிரி கீது? நல்ல துணிய பாழாக்கிட்டியே!”

அவள் கண் கலங்கியது. எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் வெள்ளையடிக்கிறவன். கறை பிடித்த எத்தனையோ சுவர்களைச் சுண்ணாம்பால் வெளுத்தவன், இதை வெளுக்க மாட்டேனா? அங்கியைப் பிடுங்கி, என் வாளியில் தெளிந்து நின்ற சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் கசக்கினேன்.

துணி வெளுக்கவில்லை. என் விரல்களுக்கு நடுவிலேயே நிறம் ஏறி ஏறி, கோயில் சுரூபத்தில் அந்தோணியார் உடுத்தியிருக்கும் அதே பழுப்பானது. வாளியிலிருந்து கையை எடுக்கவே தோன்றவில்லை. சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இன்னாத்த போட்டீங்க?”

“சுண்ணாம்புதான்மே” என்றேன்.

செவ்வாய்க்கிழமை ரோஸி அங்கியோடு பீடத்துக்கு முன்னால் நின்றாள். பதினைந்து வருஷமாகச் சுண்ணாம்பு ஒட்டிய கைகளைக் கூப்பினேன். அவையும் அவள் அங்கியின் நிறத்தில் இருந்தன.