எரிகிற பொத்தானை அழுத்துகிறவர்கள்

ஆகவே, முழுமையாகச் சந்தேகப்படத் தெரிந்தவர்கள் மனித வரலாற்றில் இதுவரை மூன்றே பேர். அதில் இருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்கள், மூன்றாமவன் இப்போது இந்த மருத்துவமனையின் தரைத்தளத்தில், கையில் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டுடனும் நீலப் பேனாவுடனும் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருக்கிறான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, கணக்கெடுப்பாகச் சொல்கிறேன். தத்துவத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிற பதினோரு பேரில் பத்துப் பேர் கடவுளைச் சந்தேகித்துவிட்டு அதோடு கடையைச் சாத்திவிட்டார்கள், அது ஒன்றாம் வகுப்புச் சந்தேகம், நான் அங்கே நிற்கவில்லை, கடவுள் இல்லை என்பதையும் சந்தேகித்தேன், நாற்காலியைச் சந்தேகித்தேன், நாளைக்கு விடியும் என்பதைச் சந்தேகித்தேன், வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று எந்த ஆதாரத்தில் சொல்வது என்று கேட்டு ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றேன், வெளியே நின்றதற்கும் ஆதாரம் போதாது என்றுதான் அப்போதும் சொன்னேன்... லிஃப்ட் ஆறிலேயே நிற்கிறது. கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் 6, அசையாமல். ஆறாவது மாடியில்தான் அக்கா இருக்கிறாள். ஒன்பதரைக்கு அவளை அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள், அரங்கம் இதே தரைத்தளத்தில், நீளமான நடைபாதையின் கடைசியில். மணி ஒன்பது இருபது. படியில் ஏறலாம், ஏறினால் நான் நாலாவது மாடியில் மூச்சு வாங்கும்போது அவள் லிஃப்டில் இறங்கிப் போய்விடலாம். இங்கேயே நிற்கலாம், நின்றால் ஒன்பது இருபத்தொன்பது வரைக்கும் இது ஆறிலேயே நின்றுவிட்டு, வரும்போது அவளை அவசரம் அவசரமாக என்னைத் தாண்டி உருட்டிக்கொண்டு போய்விடலாம். இரண்டு பக்கமும் வாதங்கள் சம எடை. இப்படிச் சமமாக இருந்தால் முடிவைத் தள்ளிவைக்க வேண்டும், அப்போது மனத்துக்கு அமைதி வரும் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது. தள்ளிவைத்து ஐந்து நிமிடம் ஆகிறது, அமைதி இன்னும் வந்து சேரவில்லை, அதுவும் லிஃப்டில்தான் வருகிறதோ என்னவோ.

பக்கத்தில் ஃபிளாஸ்க் வைத்திருக்கும் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். பொத்தான் ஏற்கெனவே எரிகிறது. வட்டமாக, ஆரஞ்சு நிறத்தில், யாருக்கும் ஐயம் வராதபடி எரிகிறது, எரிய வைத்தவன் நான், அதை அவர் தன் கண்ணால் பார்த்தார். இருந்தும் அழுத்துகிறார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், இந்தத் தடவை கட்டைவிரலால். உலகத்திலேயே பெரிய மதம் இதுதான் என்று எங்கள் கல்லூரிச் சுவரிதழில் நான் எழுதியிருக்கிறேன், 'நிறுவனர் இல்லாத மதம்' என்று தலைப்பு, எரிகிற பொத்தானை மறுபடி அழுத்துகிறவர்களுக்கு வேதம் கிடையாது, குரு கிடையாது, ஆனால் ஒரே சடங்கை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி செய்கிறார்கள், அழுத்தின பிறகு நிமிர்ந்து மேலே பார்க்கிறார்கள், இதற்குப் பெயர் பிரார்த்தனை இல்லாவிட்டால் வேறு எதற்கு அந்தப் பெயர்... மூன்று நாள் சுவரில் இருந்தது, நாலாம் நாள் யாரோ அதன் மேல் விடுதி சாப்பாட்டுப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். கட்டுரைக்கான தொழில்நுட்ப ஆதாரம் முழுக்க அக்கா கொடுத்தது. ஒரு தடவை அழுத்தினா பதிஞ்சிடும்டா, அப்புறம் நீ அழுத்துறது உன் விரலுக்குத்தான் தேகப்பயிற்சி என்றாள். பழைய லிஃப்ட் ஒன்றில் கதவு மூடும் பொத்தானுக்குப் பின்னால் கம்பியே இல்லை என்று கண்டுபிடித்து, கழற்றிவிடலாமா என்று கட்டடத்துக்காரர்கள் கேட்டார்களாம், இருக்கட்டும் விடுங்க, ஜனங்க பாவம் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தாளாம். அந்தப் பாவம் என்ற சொல்லை நான் கட்டுரையில் சேர்க்கவில்லை. வாதத்துக்கு உதவாது என்று நினைத்தேன்.

அக்கா லிஃப்ட் மெக்கானிக். எட்டு வருஷமாக. லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும், அதில் இறங்கி நின்றுகொண்டு அவள் வேலை செய்வாள், கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் அவளுடைய கூட்டாளி, பேச்சுக் குறைந்த மனிதர், லிஃப்டை அவர்தான் கையால் நகர்த்துவார். வாக்கி டாக்கி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதன் பேட்டரி பிறந்ததிலிருந்தே நோயாளி, எனவே அக்கா கீழேயிருந்து கத்துவாள், 'விடு' என்றால் அவர் விடுவார், 'நிறுத்து' என்றால் நிறுத்துவார், அவள் தலைக்கு மேலே ஒன்றரை டன் இறங்கி வருவதும் நிற்பதும் அந்த ஒரு சொல்லில். அவரை வீட்டில் அவள் 'மேல இருக்கிறவர்' என்றுதான் சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபோனில் யாரிடமோ, பயப்படாதீங்க, எல்லாத்தையும் மேல இருக்கிறவர் பார்த்துப்பார் என்று அவள் சொன்னதை அம்மா கேட்டுவிட்டு, பெண்ணுக்கு ஒருவழியாக பக்தி வந்துவிட்டது என்று இரண்டு நாள் பூரித்துப்போயிருந்தாள், உண்மை தெரிந்த பிறகும் முழுக்க நம்பிக்கையைக் கைவிடவில்லை, பெயராவது சொல்றாளே என்று. அக்காவிடம் நான் ஒருமுறை நேராகவே கேட்டேன், உனக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கா இல்லையா, மழுப்பாம சொல்லு. கம்ப்ளெயிண்ட் குடுத்தா எத்தனை மணி நேரத்துல ஆள் வரும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாத கம்பெனி பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா டவுட்டு என்றாள். என்னை டவுட்டு என்றுதான் கூப்பிடுவாள், எனக்கு வயது ஆறு இருக்கும்போதிலிருந்து, அப்போது நான் தத்துவம் எதுவும் படித்திருக்கவில்லை, பால் டம்ளரைக் கொடுத்தால் இது பால்தானா என்று மட்டும் கேட்பேன்... ஐந்து. லிஃப்ட் ஐந்துக்கு வந்துவிட்டது. இல்லை, மறுபடி ஆறு. ஐந்தில் யாரையோ ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறது. ஃபிளாஸ்க்காரர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார், நானும் பதிலுக்கு உச்சுக்கொட்டுகிறேன், இதில் கொள்கைப் பிரச்சினை எதுவும் இல்லை.

அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. கோலிக்குண்டு அளவு. எடுத்துவிடலாம், கட்டியைப் பற்றிப் பயமில்லை என்றார் டாக்டர், ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் குரல் கம்மிப்போகலாம், கொஞ்ச நாளில் திரும்பலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம், முன்கூட்டியே சொல்ல முடியாது. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது, இவ்வளவு ஒழுங்காகச் சந்தேகப்படுகிற ஒருவரை நான் துறையில்கூடப் பார்த்ததில்லை. நேற்று சாயங்காலம் அம்மா துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள், அக்கா நோயாளி அங்கியோடு எழுந்து போய் 'பழுது' என்று அட்டை தொங்குகிற அடுத்த லிஃப்டின் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, நர்ஸிடம் திட்டு வாங்கி, சிரித்துக்கொண்டே வந்து படுத்தாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். அப்புறம், சிரிப்பு இல்லாமல், குரல் போயிடுச்சுன்னா மேல இருக்கிறவருக்கு எப்படிடா கேக்கும் என்றாள். நான் தலையணையைச் சரிசெய்தேன். என் குரல் இப்படியே இருக்கும்ல, என்றாள். கேள்விதான், ஆனால் பதிலை அவளே போட்டு, என் கையெழுத்துக்காக நீட்டின கேள்வி. இருக்கும் என்று ஒரு சொல், ஒற்றெழுத்தைச் சேர்த்தாலும் ஐந்தே எழுத்து. நிச்சயமா சொல்ல முடியாதுக்கா, என்றேன் நான். சரியான பதில். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான்... ம், சரிதான் என்று தலையாட்டிவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிடு, கோடு போட்டதா பாரு, கோடு இல்லன்னா என் கையெழுத்து மேல ஏறிடும், அப்புறம் அதை இறக்க நானே வரணும் என்றாள். ஜோக் அடித்தாள். நான் தராததை அவளே தயாரித்துக்கொண்டாள். நேற்றே வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை, இன்று காலை எட்டு மணிக்கு அவள் ஞாபகப்படுத்தின பிறகுதான் இறங்கினேன், முதல் கடையில் கோடு இல்லாததுதான் இருந்தது, மூன்றாவது கடையில் கிடைத்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பழங்காலத்து ஐயவாதி வருகிறார், எதிரே வண்டி வந்தாலும் பள்ளம் வந்தாலும் அது இருக்கிறதென்று நம்பி விலகமாட்டாராம், ஆனாலும் நெடுங்காலம் வாழ்ந்தாராம், ஏனென்றால் நண்பர்கள் கூடவே நடந்து அவரைப் பிடித்து இழுத்துவிடுவார்களாம். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். அந்த நண்பர்கள் வேறு வேலைவெட்டி இல்லாதவர்களா, அவர்களுக்குக் கை வலிக்கவில்லையா, ஒரு நாள் அவர்களில் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வந்தால் இந்தப் பெரிய மனிதர் என்ன சொன்னார்... அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பால்தான்டா, நான் குடிச்சுப் பார்த்துட்டேன், என்பாள் அக்கா. ஒவ்வொரு நாளும் ஒரு வாய் குடித்துக்காட்டுவாள். அவளுக்குப் பால் பிடிக்காது.

ஐந்து. நாலு. இந்தத் தடவை நிஜமாகவே வருகிறது. நான் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், உன் குரல் இப்படியே இருக்கும், ஆதாரம் இல்லாத எதிர்காலக் கூற்று, சரிபார்க்க முடியாதது, மூன்று வருடப் படிப்பும் வீண். மூன்று. இரண்டு. கதவு திறந்ததும் முதலில் ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் தெரிகிறது, பிறகு பச்சைத் தொப்பிக்குள் முடி முழுக்க மறைந்து, வேறு யாரோ போல அக்காவின் முகம், பின்னால் அம்மா, பிரார்த்தனையில் உதடு அசைந்தபடி, அவள் எண்ணிக்கையில்லாமல் அழுத்துகிறவள். ஃபிளாஸ்க்காரர் உள்ளே ஏறாமல் கதவு மூடிவிடாதபடி கையால் பிடித்துக்கொள்கிறார். அக்காவின் கண் என்மேல் இல்லை, லிஃப்டின் கூரைமேல் இருக்கிறது.

"நாலுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு உதறல் இருக்கு, யார்கிட்டயாவது சொல்லிடு," என்றாள். "நோட்டு?"

நோட்டைக் காட்டினேன், பிரித்துக் கோடுகளையும் காட்டினேன். தள்ளிக்கொண்டு போகிறவர் நிற்கவில்லை, நான் கூடவே நடந்தேன், நடைபாதை நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தது, கதவு அதோ தெரிகிறது, அதன் மேல் ஒரு விளக்கு, இன்னும் எரியவில்லை.

"அக்கா, உன் குரல் இப்படியே இருக்கும்."

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "எப்படித் தெரியும்?"

என் கேள்வி. பதினாலு வருடமாக நான் எல்லோரையும் கேட்ட கேள்வி, அவள் வாயில் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது.

"தெரியாது," என்றேன்.

"அப்புறம்?"

"சும்மா சொல்றேன்."

ஸ்ட்ரெச்சர் நின்றது. கதவைத் திறக்க உள்ளேயிருந்து யாரோ வர வேண்டும். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள், சின்ன வயதில் தெருவில் வண்டி வரும்போது இழுப்பாளே, அந்த மாதிரி.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். முதல் தடவை சொன்னதற்கு மேல் அதில் ஒரு தகவலும் இல்லை. கதவு திறந்தது. அவள் என் கையை விட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியை இரண்டு தட்டு தட்டினாள், வேலை முடிந்து வெளியே வரும்போது லிஃப்ட் கதவைத் தட்டுவது போலவே, அது ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பாள்.

"விடுங்கண்ணே," என்றாள் தள்ளுகிறவரிடம், சத்தமாக, ஆறு மாடிக்குக் கேட்கிற குரலில். அவர் விட்டார்.

விளக்கு எரிந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், பக்கத்தில் இடம் விட்டு. எனக்கு உட்கார வரவில்லை, இதோ வர்றேம்மா என்று நடைபாதையில் திரும்பி நடந்தால் லிஃப்டுக்கு முன்னால் ஃபிளாஸ்க்காரர் இன்னும் நிற்கிறார். ஸ்ட்ரெச்சர் இறங்குவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவர், கையை எடுத்த நேரத்தில் மேலே யாரோ கூப்பிட, லிஃப்ட் அவரை விட்டுவிட்டே போய்விட்டது போல, 6 என்று எரிகிறது, திரும்பவும் முதலிலிருந்து. என்னைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"எந்த மாடி தம்பி?"

"நான் எங்கயும் போகலைங்க."

இது ஒரு சாதாரணமான பதில் என்பது போல அவர் தலையசைத்தார். கம்பிகள் எப்படிப் போகின்றன என்று இந்தக் கட்டடத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள், ஒரு தடவை அழுத்தினால் பதிந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், அவள் எதற்காக இன்னொரு தடவை கேட்டாள், எந்தக் கம்பி வழியாக அது எங்கே போனது... பொத்தான் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது, வட்டமாக, யாருக்கும் ஐயம் வராதபடி. நோட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அழுத்தினேன், நடுவிரலா ஆள்காட்டி விரலா என்று பார்க்கவில்லை, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தேன்.