மைதானத்துக்கு வந்த ஆறு

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் அன்பழகன் கண்டக்டர். இருபத்தாறு வருஷமாக அதே தடம். ஆனால் ஆரணியில் அவரைக் கண்டக்டர் என்று சொல்லி விசாரித்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். அம்பயர் என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். காரணம், பாலத்துக்குக் கிழக்கே, கமண்டல நாக நதியின் நட்டநடுவில் அவர் உண்டாக்கி வைத்திருந்த கிரிக்கெட் மைதானம்.

ஆறு என்று பெயரே தவிர, அதில் தண்ணீரைப் பார்த்த நாளைவிட மணலைப் பார்த்த நாள்தான் அதிகம். மழைக்காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் கணுக்கால் அளவுக்கு ஓடும். அதுவும் அக்கரை ஓரமாக ஒதுங்கிப் போய்விடும். அன்பழகனுக்கு முப்பது வயது இருக்கும்போது இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆற்றில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேல முள்ளை வெட்டினார். ஏரி வண்டலையும் புற்று மண்ணையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து கொட்டி, நனைத்து, மிதித்து, உருளை ஓட்டி, ஒரு பிட்ச் போட்டார். கூட வந்த நாலு பேரும் கல்யாணம், வேலை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அன்பழகன் கழலவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வார ஓய்வு. விடியும் முன்பே குடத்தோடு போய்த் தண்ணீர் தெளிப்பார். பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார்.

அவர் மனைவி சசிகலா பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவள். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் தனியாக இருப்பதையே அவள் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய தீபாவளி. அது கழிந்த ஞாயிறன்று ஊர் அணிக்கும் முள்ளிப்பட்டு அணிக்கும் இறுதிப் போட்டி. முள்ளிப்பட்டுக்காரர்கள் எல்லாரும் வீட்டில் தறி ஓட்டுகிறவர்கள். உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலை ஞாயிற்றுக்கிழமை ஓடித் தீர்ப்பவர்கள். ஊர் அணிக்கு ராஜ்குமார் கேப்டன். பஸ் நிலையத்துக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருந்தான். ஆறு இறங்கிவரும் ஜவ்வாது மலையில் மூன்று நாளாக நல்ல மழை என்று பேசிக்கொண்டார்கள். கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி காலையில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனது. ஆரணியில் சுள்ளென்று வெயில். வருஷா வருஷம் கேட்கிற அறிவிப்புதானே என்று யாரும் அதற்குக் காது கொடுக்கவில்லை.

கடைசி ஓவர். ஆறு பந்தில் ஒன்பது ரன் எடுக்க வேண்டும். இரண்டாவது பந்தை ராஜ்குமார் பாலத்துப் பக்கமாகத் தூக்கி அடித்தான். பந்தின் பின்னாலேயே ஓடிய முள்ளிப்பட்டு ஆள் பாதி வழியில் நின்றுவிட்டான்.

"பந்த எட்றா, இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கற?" என்று அவன் அணிக்காரர்கள் கத்தினார்கள்.

அவன் திரும்பாமலேயே, "தண்ணி வருதுபா" என்றான்.

பாலத்துத் தூண்களுக்கு நடுவே செம்மண் நிறத்தில் அது வந்துகொண்டிருந்தது. நுரையையும் சருகையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் முன்னால் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாதது போல மணலைத் தடவித் தடவி வந்தது. பந்தை ஒரு சுற்றுச் சுற்றித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னால் அதன் இரைச்சல் கேட்டது.

அன்பழகன் விசிலை ஊதினார். "எல்லாம் கரைக்கு ஏறுங்க. ஜல்தி."

"ணா, ஃபோரா சிக்ஸா, அத சொல்லிட்டுப் போ" என்றான் ராஜ்குமார்.

"மொதல்ல ஏறுடா."

பஸ்ஸில் எண்ணுகிற மாதிரி கரையில் நின்று தலைகளை எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள். அப்புறம்தான் பிட்ச்சின் மேல் விரித்திருந்த நார்ப்பாயின் நினைவு வந்தது. திரும்ப இறங்கி ஓடினார். பாயை அடித்திருந்த இரும்பு முளைகளில் இரண்டைப் பிடுங்கியாயிற்று, மூன்றாவது வரவில்லை. தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஏறியது. காலுக்கடியில் மணல் கரைவது தெரிந்தும் அவருக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. ராஜ்குமார் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பாயும் இல்லை, ஸ்டம்பும் இல்லை.

அரை மணி நேரத்தில் பாலத்தின் மேல் ஊரே கூடிவிட்டது. கரை தொட்டு ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் மஞ்சளும் பூவும் தூவினார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். பேருந்துகளைக்கூட நடுப் பாலத்தில் நிறுத்தி, பயணிகள் இறங்கிப் பார்த்தார்கள். ஈரப் பேண்ட்டோடு கரையில் உட்கார்ந்திருந்தவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஆற்றைப் பற்றியே பேசினார்கள். "பாத்தியா கண்டக்டரே, ஆறு வந்துட்ச்சி. இனிமே மூணு வருஷத்துக்கு போர்ல தண்ணிக்குப் பஞ்சமில்ல" என்றார் ஒரு விவசாயி. அன்பழகன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஊரே கொண்டாடும் ஒன்றுக்காகத் தனக்குத் துக்கமாக இருப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு ஞாயிறு வீட்டிலேயே கிடந்தார். மூன்றாவது ஞாயிறு சசிகலா குஞ்சம் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இப்டி எழவு வீட்ல குந்தினு இருக்கற மாதிரி எத்தினி நாளு இருப்பீங்க?"

"இருவத்திரண்டு வருசம் சசி. ஒரே நாள்ல பூட்ச்சி."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "என்ன ஆத்துக்கு இட்டுனு போங்க" என்றாள். "ஊர்ல எல்லாம் பாத்துட்டாங்க. நான்தான் இன்னும் பாக்கல."

கூட்டிப்போனார். அதற்குள் வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்து, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கரையெங்கும் ஜனம். சுண்டல் வண்டி வந்துவிட்டது. பஜ்ஜிக் கடை வந்துவிட்டது. லாரி ட்யூப்பில் சிலர் மிதந்தார்கள். சசிகலா கூட்டத்தைத் தாண்டி, கிழக்கே ஒதுக்குப்புறமாக நடந்தாள். செருப்பைக் கழற்றினாள். கைப்பையையும் மூக்குக் கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனவள், அவர் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் முன்னால் சாய்ந்து நீந்தத் தொடங்கினாள்.

அன்பழகன் பதறிப்போய் முழங்கால் வரை இறங்கிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆற்றின் நடுவிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் தண்ணீரில் ஒரு தடவைகூட முங்கியதில்லை. சசிகலாவோ கையை அலட்டிக்கொள்ளாமல் வீசி, ஓட்டத்துக்குக் குறுக்கே போய், திரும்பி, மல்லாந்து மிதந்தாள்.

கரையேறியபோது மூச்சு வாங்கியது, முகம் பளபளத்தது.

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"எங்க கழனிக் கெணறு அம்பதடி. மேலேர்ந்தே குதிப்பேன். கல்யாணத்துக்கு மொத நாள்கூட குதிச்சேன்."

"இருவத்திநாலு வருசத்துல ஒரு நாள்கூட நீ சொன்னதில்லியே."

"நீங்க என்னிக்கு வூட்ல இருந்தீங்க, சொல்றதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பிழிந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகமாகத் தைத்தது.

தை மாதம் தண்ணீர் இறங்கி ஓரமாக ஒடுங்கியது. அன்பழகன் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தார். பிட்ச் இருந்த இடத்தை வெள்ளம் ஓர் ஆள் உயரத்துக்கு அரித்து எடுத்திருந்தது. அந்தப் பள்ளத்தின் கரைப்பக்கம், மணலுக்கு அடியிலிருந்து கருங்கல் படிகள் வெளியே வந்திருந்தன. எண்ணினார், பதினோரு படி. நடுவில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து குழிந்த படிகள். ஒரு ஓரத்தில் மாட்டைக் கட்டுகிற மாதிரி துளை போட்ட கல் தூண் இரண்டு. இத்தனை வருஷமும் பவுண்டரிக் கோடு என்று சுண்ணாம்பு போட்டது இவற்றுக்கு மேலேதான்.

செய்தி பரவி ஊர் திரண்டு வந்தது. அரிசி மில் வைத்திருக்கும் சக்கரவர்த்தி, எழுபத்தெட்டு வயசு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து படியைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க தாத்தா சொல்லுவாருபா, நான்தான் கதன்னு நெனச்சேன்" என்றார். "வந்தவாசிப் பக்கத்துலேர்ந்து நெல்லு வண்டி கட்டிகினு சந்தைக்கு வருவாங்களாம். மாட்ட அவுத்து தண்ணி காட்டிட்டு, இந்தப் படியில குளிப்பாங்களாம். நாங்க ஜைனருங்க, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு முடிக்கணும். அதனால மூட்டையப் பிரிச்சி இங்கியே சாப்டுவாங்களாம். அந்தாண்ட பட்டு நூலு அலசுவாங்க, இந்தாண்ட வேபாரம் பேசுவாங்க. ஊருக்கு மொதல்ல ஆறுதான் கடத்தெரு. அதுக்கப்பறம்தான் மேல கடத்தெரு."

அன்பழகன் தேய்ந்த படி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு முன்னால் எத்தனை பேர் வேலை முடிந்த களைப்பில் அங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தார். ஆற்றில் பொழுது போக்கக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்ற எண்ணம் அவருக்குள் இருந்திருக்கிறது. அது இப்போது லேசாகக் கூசியது.

மாசியில் பிரச்சினை வந்தது. படிகளைத் தாண்டி, ஆற்றின் போக்கில் அரை மைலில் ஒரு தடுப்பணை கட்டலாம் என்று பேச்சு. கட்டினால் வருஷத்தில் எட்டு மாதம் அங்கே தண்ணீர் நிற்கும். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் கூட்டம் போட்டிருந்தார். அதற்கு முதல் நாள் ராஜ்குமார் ஒரு மனுவோடு வந்தான். மைதானத்தை மீட்டுத் தர வேண்டும், அணையை வேறு இடத்தில் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. நாற்பது கையெழுத்து ஆகியிருந்தது. மேலே முதல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

"நீ போடுணா. உன் கிரவுண்டு இது. நாலு லோடு மண்ணு அடிச்சா மறுபடியும் ஆடலாம்."

"நாளைக்கிப் போடறேன், வெச்சிட்டுப் போ."

மனு ராத்திரி முழுக்க மேசைமேல் கிடந்தது. சசிகலா அதைப் படித்தாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள். போடுங்கள் என்றும் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல டிபன் கட்டிக் கொடுத்தாள்.

கூட்டத்தில் அன்பழகன் பெயரைச் சொன்னதும் ராஜ்குமாரும் அணியினரும் கை தட்டினார்கள். அவர் எழுந்து மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆறு சும்மா கெடந்துச்சி, நாங்க ஆடினோம். அதுல தப்பில்ல. இப்ப அதுல தண்ணி நிக்கும்ன்றாங்க. தண்ணிய வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலிங்க. அந்தப் படிய யாரு போட்டாங்கன்னு தெரியாது, போட்டவங்க தண்ணிக்குத்தான் போட்டாங்க. அணைய கட்டுங்க. ஆனா ரெண்டு விசயம் எழுதிக்குங்க. ஆடற பசங்களுக்கு ஒரு எடம் காட்டணும். படியாண்ட பொம்பளைங்க குளிக்க, நீந்த, தனியா ஒரு மறைப்பு கட்டணும்."

கடைசி வரியில் சிலர் சிரித்தார்கள். பொறியாளர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

வாசலில் ராஜ்குமார் காத்திருந்தான். "அன்னிக்கு உன்ன தண்ணியிலேர்ந்து இழுத்தேன்ணா" என்றான். "எங்க எல்லாரையும் நீயே தள்ளிவுட்ட." அதன் பிறகு ராஜ்குமார் எதிரில் வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டு போனான். அந்த வருஷம் முழுக்கப் பேசவில்லை.

அடுத்த மழைக்குள் தடுப்பணை எழும்பிவிட்டது. மறைப்பு என்று பேருக்கு மூன்று தகரம் அடித்தார்கள். விளையாட இடம் காட்டுகிறோம் என்றவர்கள் கடைசிவரை காட்டவில்லை. அணிக்காரர்களே அலைந்து, முள்ளிப்பட்டில் தரிசாகக் கிடந்த ஒரு நிலத்தை உடையவரிடம் கெஞ்சி வாங்கினார்கள். யார் அணியோடு மோதினார்களோ அவர்களோடே சேர்ந்து கல் பொறுக்கினார்கள். அன்பழகனை யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார். பிட்ச் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. இறங்கிச் சொல்லலாமா என்று கை விசிலுக்குப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சசிகலா ஆற்றுக்குப் போனாள். முதலில் தனியாக, பிறகு குஞ்சம் கட்டுகிற பூங்காவனமும் வந்தாள், இப்போது ஏழு பேர். சசிகலா அவர்களுக்கு மிதக்கச் சொல்லிக் கொடுக்கும் சத்தம் தகரத்துக்கு இந்தப் பக்கம்வரை கேட்கும். ஏழு பேருடைய செருப்பும் பையும் கண்ணாடியும் அன்பழகன் பொறுப்பு. மேல் படியில் உட்கார்ந்து காவல் காப்பார். போன மாதம் அவரும் கழுத்தளவு தண்ணீரில் நின்று பழகத் தொடங்கியிருக்கிறார், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து.

அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், பைக்கைக் கரையில் நிறுத்திவிட்டு ராஜ்குமார் இறங்கி வந்தான். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான்.

"பிட்ச்ல பந்து எழும்ப மாட்டேன்றதுணா."

"வண்டல் கம்மியாப் போட்டுட்டீங்க. கோணலா வேற இருக்குது."

"நீ எப்பப் பாத்த?"

"பஸ்ஸு அந்த வழியாத்தானே போவுது."

ராஜ்குமார் ஒரு கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தான். "அடுத்த ஞாயித்துக்கெழம செய்யாறு டீம் வருது. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா அம்பயர் யாரும் சிக்கல."

தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் குடித்துவிட்டு இருமினார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். அன்பழகன் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம எனக்கு வேல இருக்குது" என்றார். "சனிக்கெழம வெய்யி. லீவு சொல்லிட்டு வர்றேன்."