கண்டக்டரிடம் மிஞ்சிய சொல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக் கேட்டேன். பேச்சுப் பயிற்சி அறை ஒன்றின் வாசல் பெஞ்சில், வேறொருவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல் "ரைட்" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி "ரைட்". பிறகு கெஞ்சலாக ஒன்று, எரிச்சலாக ஒன்று, குழந்தையைக் கொஞ்சுவதுபோல் ஒன்று. உள்ளே யாரோ நாடக ஒத்திகை பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர்தான். கண்டக்டரா இருந்தவரு. அவருகிட்ட அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்" என்றார்.

நாங்கள் பேசியது அவ்வளவுதான். மீதி முழுக்க என் கைச்சரக்கு.

2

கதையை இப்படித் தொடங்கினேன்:

"முப்பது ஆண்டுகள் பேருந்தில் கண்டக்டராக இருந்தவரின் மூளையில், ஒரு காலை நேரத்தில், இரத்தக் குழாய் ஒன்று..."

வேண்டாம். மருத்துவ அறிக்கை வாடை அடிக்கிறது. இன்னொன்று:

"கண்டக்டரின் மனைவி அன்று..."

இதுவும் வேண்டாம். பொத்தான் தைத்த கைக்கு ஒரு தொழில் இருக்கிறது. அவள் தையற்காரி. துணிக்கடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துக் கொடுப்பவள். (நேரில் பார்த்தபோது 'என்றார்' என்று மரியாதை கொடுத்துவிட்டு, கதைக்குள் வந்ததும் 'அவள்' என்கிறேன். எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகையை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.)

வாதம் வந்து கண்டக்டருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போனது. ஒரு சொல் மட்டும் போகாமல் நின்றுகொண்டது. வலது பக்கம் விழுந்தவருக்கு 'ரைட்' மிஞ்சியதை நான் ஜோடித்ததாக நீங்கள் சந்தேகிக்கலாம். பேச்சுக்கும் வலது கைக்கும் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்றுக்கு வந்த விபத்து மற்றதையும் தொட்டுவிடும். அந்தச் சாமர்த்தியம் என்னுடையதல்ல.

3

அந்தச் சொல்லை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஆங்கில அகராதியில் அதற்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருக்கிறார்கள்: வலது, சரி, நியாயம், உரிமை, நேர், உடனே, கவிழ்ந்ததை நிமிர்த்துவது. படிக்கப் படிக்க மலைப்பாக இருந்தது. நாம் மட்டும் சளைத்தவர்களா? விடைத்தாளில் வாத்தியார் போடுவது ரைட். தொலைபேசியை வைக்கப்போகிறோம் என்பதற்கு, "ரைட்டு, அப்புறம் பேசறேன்." சண்டை முற்றும்போது கையை உதறிவிட்டு, "ரைட்டு, விடு." நம்ப முடியாத கதையைக் கேட்டால் இழுத்து ஒரு "ரை...ட்டு". அதையே பேருந்துப் படியில் நின்று சொன்னால் பொருள் வேறு: எல்லாரும் பத்திரமாக ஏறிவிட்டார்கள், இனி நீ வண்டியை எடுக்கலாம்.

வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும் ஒரு சத்தத்துக்குள் இவ்வளவும் எப்படி அடங்குகிறது? எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் எழுதுகிறேன்.

4

தையற்காரியின் கவலை அகராதி பற்றியதல்ல. பசிக்கிறதா என்றாலும் ரைட், வலிக்கிறதா என்றாலும் ரைட். உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லை, ஆள் போன பின்னும் வாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறதா?

"அத்தானுக்கு ஒண்ணும் புரியலக்கா," என்றான் அவள் தம்பி. "பழக்கத்துல வாய் சொல்லுது. நீ ராப்பகலா கெடந்து தேயுற. நல்ல இல்லமா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். நம்மள விட நல்லா பார்த்துக்குவாங்க."

"அவருக்குப் புரியுதுடா."

"எத வெச்சு சொல்ற?"

(முதல் வரைவில் தம்பியை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அத்தானைக் குளிப்பாட்டத் தவறாமல் வந்து தூக்குகிறவன் அவன்தான்.) பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரிடம் அவள் அதையே கேட்டாள்.

"உறுதியா சொல்ல முடியலம்மா. தலையாட்டுங்கன்னு சொன்னாக்கூட வாய் முந்திக்குது. அத அவரால அடக்கவே முடியல."

மாதம் முடிந்ததும் அவரை இல்லத்தில் விடுவதாகத் தம்பியிடம் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட மறுநாளே தையலில் தப்பு விழுந்தது: ஒரு கால்சட்டையின் ஒரே காலை இரண்டு தடவை குறைத்துவிட்டாள்.

5

அவரைப் பேருந்தில் அழைத்துப்போக அவளுக்குப் பயம். முதல் தடவை ஏறியபோது பக்கத்து இருக்கைக்காரர், "இப்ப எப்படி இருக்கு?" என்று அன்பாகக் கேட்க, இவர் பழைய தொண்டையில் "ரைட்!" என்றார். ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். நிறுத்தத்தில் நின்றவர்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்த அசல் கண்டக்டர், "யாருய்யா அது, என் வேலையப் பார்க்குறது?" என்று கத்தினார். வண்டியே சிரித்தது. தையற்காரி மட்டும் சிரிக்கவில்லை. யாராவது சக்கரத்தில் விழுந்திருந்தால்? அதன் பிறகு வாடகைக் கார்தான்.

6

கார்க்காரர் வராத ஒரு பகலில், வேறு வழியில்லாமல் அவரைப் பேருந்தில் ஏற்றினாள். பின்வாசலை ஒட்டிய இருக்கையில் உட்காரவைக்கும்போது ஊன்றுகோல் நழுவி, படிகளில் தடதடவென்று இறங்கிச் சாலையில் விழுந்தது. அவளும் இறங்கினாள். கோல் உருண்டு சக்கரத்துக்கு முன்னால் போய்க் கிடந்தது. மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் கையை விட்டாள்.

அசல் கண்டக்டர் முன்பக்க நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. குனிந்திருந்த அவள் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியவில்லை. ஓட்டுநர் பின்பக்கம் பார்த்து உரக்கக் கேட்டார்: "போலாமா?"

[இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவள் கை சக்கரத்துக்கு முன்னால் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான்.]

எதைக் கேட்டாலும் அவள் கணவரின் வாய் சொல்வது 'ரைட்'. அதிலும் இந்தக் கேள்விக்கு, வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கொடுத்த பதிலே அதுதான். அது அவளுக்கும் தெரியும். கையை இழுத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் உறைந்துபோனாள்.

"பின்னாடி! போலாமாங்க?"

வண்டி அசையவில்லை. கோலை இழுத்துக்கொண்டு எழுந்தாள், கம்பியைப் பிடித்து ஏறினாள், அவரைப் பார்த்தாள்.

இடது கையால் வாயைப் பொத்தியிருந்தார். விரல்கள் கன்னத்தில் புதைந்து வெளுத்திருந்தன. கழுத்து நரம்பு புடைத்து, தோள்கள் குலுங்கின. கண்ணீர் வழிந்து கைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. பார்வை மட்டும் படியை விட்டு நகரவில்லை. அவள் இரண்டு காலையும் உள்ளே வைத்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று வாய் பிளந்துகொண்டிருந்தவன் நான். அதைச் சொல்லாமல் இருக்க ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட முடியும் என்று எந்தப் பக்கத்திலும் படித்ததில்லை.

7

முடிவு ஒன்று: அவர் கையை எடுத்து அவள் பெயரைச் சொல்கிறார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். ஆனால் அது பச்சைப் பொய், அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: தம்பியைக் கூட்டிவந்து, எல்லாரும் பார்க்க, அவர் மறுபடி வாயை அடக்கிக்காட்டுகிறார். ஒரு மனிதரை ஒரு தடவை வதைத்தது போதாதா? இதையும் அடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"தெரிஞ்சுபோச்சுங்க. நீங்க எங்கயும் போக வேணாம். நம்ம வீட்டுலயே இருங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் இன்னும் கையை எடுக்கவில்லை. ஒருமுறை விட்டுவிட்டால் அந்தச் சொல்லைப் பிடித்துவைக்க அவரால் ஆகாது. அவள் சரியாக உட்கார்ந்துவிட்டாளா என்பதில் அவருக்கு இன்னும் திருப்தி வரவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருக்கிறார். லாரிகள் விடாமல் ஹாரன் அடிக்கின்றன. பாவம், அந்தக் கை வலிக்கும். வண்டியில் இப்போது நீங்களும்தான் இருக்கிறீர்கள். ஒருமுறை எட்டிப் படியைப் பாருங்கள், அவளைப் பாருங்கள். எல்லாரும் பத்திரம் என்று உங்களுக்கு நிச்சயமானதும், அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லிவிடுங்கள்.