குரல்: பெருந்தேவி

மாமல்லபுரத்தில் பட்டாபியின் வீட்டுக்கு அந்தப் பெண் வந்தபோது பெருந்தேவி பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தாள். வந்தவள் பெயர் மானசா. பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, ஒலியைச் சுத்தம் செய்து, மறுபடியும் வெளியிடும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"1979ல 'கரையோர மழை'ன்னு ஒரு மெல்லிசைத் தட்டு வந்துது, ஞாபகம் இருக்கா சார்?"

பட்டாபிக்கு ஞாபகம் இல்லாமலா?

"யாரோ கீறல் விழுந்த தட்டுலேருந்து நெட்ல ஏத்தி, இப்ப எத்தனையோ பேர் கேக்கறாங்க. அதுல நாலு பாட்டுப் பாடின பொண்ணு யாருன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல. உறையில 'குரல்: தேவசகாயம், குழுவினர்'னு மட்டும் இருக்கு."

"என் ஆம்படையாள்தான்," என்றார் பட்டாபி. எழுபத்திரண்டு வயதில் அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்தது என்ன வரப்போகிறதென்று அவருக்குத் தெரியாது.

மானசா பையிலிருந்து ஒரு பழைய இன்லண்ட் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அந்தத் தட்டுக்கு இசையமைத்த கிருபாகரன் செங்கல்பட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். அவர் வாழ்நாளில் போட்ட ஒரே தட்டு அது. அவர் மகள் வீட்டு இரும்புப் பெட்டியில் மூல ஒலிநாடாவும் இந்தக் கடிதமும் ஒன்றாகக் கிடந்தனவாம்.

'மதிப்பிற்குரிய ஐயா, தட்டின் உறையில் என் பெயரைப் போட வேண்டாம். இது என் சொந்த விருப்பம். பெருந்தேவி.'

"மாமியே வேணாம்னு எழுதியிருக்காங்க. இப்ப பேரைப் போடணும்னா அவங்க சம்மதம் வேணும். அதுக்குத்தான் வந்தேன்," என்றாள் மானசா.

பட்டாபி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் சாய்வெழுத்து. அவருடைய எழுத்து.

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பெருந்தேவியின் அப்பா லக்ஷ்மிநாராயணன் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சக வாத்தியார் கேட்டாரே என்று பெண்ணைப் பாட அனுப்பியிருந்தார். கடையில் தட்டு தொங்கும், ஆபீஸில் நாலு பேர் பெயரைப் படித்துவிட்டுக் கண்ணடிப்பார்கள், கோவில் கைங்கர்யத்தில் இருக்கும் தன் அப்பா காதுக்குப் போகும் என்று பட்டாபி தூக்கம் கெட்டார். கிருபாகரன் வீட்டுக்கே போய்ப் பெயரை எடுக்கச் சொன்னார். "பாடினது அந்தப் பொண்ணு. அவ சொல்லட்டும், எடுத்துடறேன்," என்றார் வாத்தியார். மூன்றாம் நாள் இந்தக் கடிதம் தபாலில் போயிற்று.

தட்டு வந்தபோது பெருந்தேவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அழுதாள். சார் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு கிருபாகரனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். யாரும் எத்தனை கேட்டும் வாயைத் திறந்து பாடவில்லை.

"இதை நான்தான் எழுதினேன், அம்மா," என்றார் பட்டாபி மானசாவிடம். "அவளுக்குத் தெரியாது."

மானசா கடிதத்தை வாங்கி மடித்தாள். "இன்னிக்கு வரைக்குமா?"

"நானே சொல்லிடறேன். நீங்க சொல்லிடாதீங்கோ."

பெருந்தேவி துளசியோடு உள்ளே வந்தாள். பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது காது அறவே கேட்காது. மெஷினும் பிரயோஜனப்படவில்லை. எதிராளி சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அவள் வாயால் பதில் சொல்வாள். மானசா எழுதியதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"என் பேரா? அச்சுலயா?" குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "ஏன்னா, பாத்தேளா! நாலு பாட்டும் பாட வெச்சுட்டுக் 'குழுவினர்'னு போட்டாரே அந்தச் சார்... அவர் காலமானப்போகூட நான் போகலைடி குழந்தே. அவ்வளவு ஆத்தாமை."

மானசா பட்டாபியைப் பார்த்தாள். பட்டாபி நோட்டுப் பேனாவின் மூடியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். பெருந்தேவி சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எழுத்தாக, நிதானமாக.

அன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நோட்டை எடுத்தார். 'உன் பேரை எடுக்கச் சொன்னது' என்பது வரை எழுதினார். தாளைக் கிழித்துக் கசக்கினார். மறுநாள் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அதற்கடுத்த வாரம் திருவிடந்தை கோவிலிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம். அவளோ என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தாள். அதைக் கெடுப்பானேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சுத்தம் செய்த பாட்டுகளை மானசா போனில் அனுப்பினாள். நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தனவாம், மெல்லிய சூட்டில் உலர்த்தித்தான் ஓடவிட முடிந்ததாம். பட்டாபி ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டார். பக்கத்து அறையிலிருந்து பாடுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இருபத்தோரு வயதுப் பெண்ணின் மூச்சு.

பெருந்தேவி எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இருக்கு?"

'பிரமாதம்' என்று எழுதினார்.

"மூணாவது பாட்டுல மேல போறச்சே ஒரு எடத்துல குரல் ஒடைஞ்சுடும். திரும்பப் பாடறேன்னேன். வேண்டாம்மா, அதுதான் அழகுன்னுட்டார். அது அப்படியே இருக்கா, எடுத்துட்டாளா?"

அவர் அந்த இடத்தை மறுபடியும் கேட்டார். 'இருக்கு' என்று எழுதினார். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மானசா கூப்பிட்டாள். தட்டோடு ஒரு சிறு புத்தகம் வருகிறது, அதில் தட்டின் கதையை எழுத வேண்டும். "மாமிகிட்ட சொல்லிட்டீங்களா சார்? அந்தக் கடிதத்தையும் போட்டாத்தான் கிருபாகரன் சார் மேல தப்பில்லைன்னு தெரியும். அவர் பொண்ணும் அதைத்தான் கேக்கறாங்க."

"சொல்லிட்டேன்," என்றார் பட்டாபி. "போடுங்கோ."

போனை வைத்தார். இல்லை என்று சொல்ல வெட்கம். தடுக்கவோ மனம் வரவில்லை. தன்னால் ஆகாததை அச்சாவது செய்துவிடட்டும் என்று உள்ளுக்குள் எங்கோ தோன்றியிருக்க வேண்டும்.

பார்சல் ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. பெருந்தேவிதான் பிரித்தாள். பழைய உறை அச்சு அசலாக அப்படியே இருந்தது. அதே நீலம், அதே படகு. கீழே மட்டும் 'குரல்: பெருந்தேவி, தேவசகாயம்.' அவள் அதை விரலால் தடவினாள். பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.

பட்டாபி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நாலாவது பக்கத்தில், படமாக அச்சாகியிருந்த அந்தக் கடிதத்தில் அவள் கண் நின்றது. நாற்பத்தைந்து வருஷமாகப் பால் கணக்கிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்துப் பழகிய எழுத்து. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே எழுதியிருந்ததை முழுக்கப் படித்தாள். புத்தகத்தை மூடி உறைக்குள் செருகினாள். அடுப்பை அணைத்தாள். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"சாரை எங்க வெச்சிருக்கா?"

அவர் எழுதினார்: 'செங்கல்பட்டு. கல்லறைத் தோட்டம். நானும் வரேன்.'

"வேண்டாம்," என்றாள்.

தெருமுனையிலிருந்து ஆட்டோ ஓட்டும் துரையை அவர்தான் கூப்பிட்டார். "இன்னா சாமி, மாமி தனியா போவுது? நீ வர்லியா?" என்றான் துரை. பட்டாபி இல்லையென்று தலையசைத்தார். அவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி வுடு. பத்ரமா இட்டாந்து வுட்றேன்," என்று வண்டியைக் கிளப்பினான்.

அவள் திரும்பி வர மூன்று மணியாயிற்று. கைவிரல்களில் மண்ணும் பச்சைக் கறையும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"புல்லு மண்டிக் கெடந்துது. புடுங்கிப் போட்டேன். சாரோட மகளும் தட்டோட வந்திருந்தா, எழுதிக் காட்டினா. கடுதாசி வந்த அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டமோ, பேரை வேண்டாங்கறாளேன்னு சார் சாப்பிடவே இல்லையாம்."

பட்டாபி நோட்டை எடுத்தார்.

"எழுதாதீங்கோ," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணினேள். சின்ன வயசு, பயம். அதைக்கூட விடுங்கோ. சார் போயிட்டார்னு சேதி வந்தப்போ, போயிட்டு வரலாமான்னு நீங்கதான் கேட்டேள். அந்த மனுஷன் மொகத்துல முழிக்க மாட்டேன்னு கத்தினேன். நீங்க அங்கதான் நின்னுண்டிருந்தேள். அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே. எனக்குக் காது கேட்டுண்டிருந்துதே அப்போ."

குளிப்பதற்காகக் கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. தளிகை செய்தாள், அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்து வைத்தாள். தேவையானதைப் பேசினாள். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து மகன் ஸ்ரீவத்ஸன் வந்து, புத்தகத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான்.

தட்டு எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. பட்டாபியின் போன் நம்பரை யாரோ யாருக்கோ கொடுக்க, தினமும் இரண்டு மூன்று பேராவது கூப்பிட்டார்கள். அவளால் கேட்க முடியாது. அவர்தான் எடுக்க வேண்டும். பாராட்டையெல்லாம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதி அவளிடம் காட்டுவார். அவள் படித்துவிட்டு, "சரி," என்பாள்.

கருங்குழியிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். மூன்றாவது பாட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார். கடைசியில், "நீங்க யாரு, அம்மாவோட வூட்டுக்காரரா?" என்றார்.

"ஆமாம்."

"அந்தக் கடிதாசி எழுதினது..."

"நான்தான்," என்றார் பட்டாபி.

அந்தப் பக்கம் எங்கோ லாரி போகும் சத்தம் கேட்டது. "அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லிடுங்க," என்று சொல்லிப் பெரியவர் வைத்துவிட்டார்.

பட்டாபி நோட்டில் தேதி போட்டு எழுதினார். நமஸ்காரத்தை எழுதினார், மூன்றாவது பாட்டைப் பற்றிச் சொன்னதை எழுதினார். கடைசியில் அவர் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் விடாமல் எழுதி, கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த பெருந்தேவியிடம் எடுத்துக்கொண்டு போனார்.