மூக்கைத் தூக்காதே, தர்மிளா

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. தப்பு கண்டாவளை ஊர்த் தர்மிளாவுடையது. விமானம் ஓட்டப் படிப்பவள். தரையிறக்கச் சோதனையில் இரண்டு தடவை தோற்றுவிட்டாள். திங்கட்கிழமை மூன்றாவது. அதிலும் தோற்றால் பயிற்சிப் பள்ளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: வானம் அவளை அழைத்த

(அடித்துவிட்டேன். வானம் யாரையும் அழைப்பதில்லை. விண்ணப்பப் படிவம் நிரப்பவேண்டும்.)

2

அவளுடையது லாண்ட்மாஸ்ரர்* ஓட்டிப் பழகிய கை. வயலில் வரம்பு கிட்ட வந்தால் பிடியை அமத்தி முன்பக்கத்தைத் தூக்கவேண்டும். ஓடுபாதை கிட்ட வரும்போதும் அந்தக் கை அதையே செய்கிறது. தாழ்ந்துவிட்டோம் என்று பயந்து விமானத்தின் மூக்கைத் தூக்குகிறது. உடனே வேகம் செத்துவிடும். வேகம் செத்தால் விமானம் விழும்.

செய்யவேண்டியது நேர்மாறு: வேகத்தை மூக்கைத் தாழ்த்திப் பிடிக்கவேண்டும், உயரத்தை இயந்திரத்தின் விசையைக் கூட்டி.

*நடந்தபடி ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரம். இதை ஓட்டாதவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம்.

3

விடுமுறையில் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால், கதிரை போட்டு உட்கார்ந்து பழகினாள். இடக்கையில் சுளகு, அதுதான் மூக்கை ஆட்டும் பிடி. வலக்கையில் அகப்பை, அது விசைப்பிடி. தங்கை நிசாந்தினி வேகத்தைக் கத்தினாள்.

"அக்கா, அறுபது... ஐம்பத்தஞ்சு... பதிஞ்சு போறாய், தரை வருது!"

சுளகு மேலே எழும்பியது.

"செத்துப்போனாய். திருப்பி வா."

"தெரியுமடி. கை கேக்குதில்லை."

"கை ஆரின்ரை? என்ரையே?"

அன்று நாற்பது தடவை செத்தாள். நாற்பத்தோராவது தடவையும் சுளகைக் கையில் எடுத்தாள். எழுதுவதை விட்டுவிட்டு அவளைக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

4

திங்கட்கிழமை. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் எதிர்காற்று சட்டென்று அடங்கியது. வேகம் ஐம்பத்தைந்துக்கு விழுந்தது, உயரமும் போதாது. பக்கத்தில் இருந்த சோதனையாளர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

முடிவு அ: பஞ்சுபோல இறக்கினாள், எல்லோரும் கை

முடிவு ஆ: சோதனையாளர் பிடியைப் பறித்து

இரண்டையும் விட்டுவிட்டேன். முதலாவதில் அவள் பட்ட பாடு இல்லை. இரண்டாவதை எழுத மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தரை முகத்துக்கு நேரே ஏறி வந்தது. தூக்கு, தூக்கு என்றது உடம்பு. தர்மிளா விசைப்பிடியை முன்னே தள்ளினாள். மூக்கைத் தரையை நோக்கிச் சாய்த்தாள்.

சக்கரங்கள் இன்னும் தரையைத் தொடவில்லை. மிச்சமுள்ள அந்தச் சில அடிகளை நீங்கள் எழுதுங்கள். நான் எழுதினால் பயத்தில் மூக்கைத் தூக்கிவிடுவேன்.