தழும்பைத் துடைத்த படம்

நான் போட்டோ ஸ்டுடியோக்காரன். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் முகத்திலிருந்து பருவையும் மருவையும் துடைத்தெடுப்பதுதான் பிழைப்பு. ஒரு முகத்தை உள்ளபடி விட்டுவைக்க என் கை கேட்காது. அதுதான் வினையாகிவிட்டது.

அப்பாவின் வீட்டை விற்ற பணத்தில் தங்கைக்கு வரவேண்டிய பங்கை அவளிடம் கொடுக்காமல் கிரிப்டோவில் போட்டுவைத்திருந்தேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒன்றரை வருஷம் இழுத்தடித்தேன். திருடும் எண்ணமெல்லாம் இல்லை. இரட்டிப்பானால் அவளுக்கும் கொடுத்துவிட்டு நமக்கும் கொஞ்சம் ஒதுக்கலாமே என்ற நப்பாசை. அவளோ ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு பைசா இல்லை.

கணக்கு வைத்திருந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கம்பெனிக்குப் புகார் மேல் புகார் அனுப்பியதில், வியாழக்கிழமை மதியம் ஒருவழியாக ஒரு பெண் வீடியோ அழைப்பில் வந்தாள்.

“பணத்தை எடுத்தது நீங்கதானே சார்? முகத்தைக் காட்டித்தான் எடுத்திருக்கீங்க.”

“எடுத்திருந்தா உங்ககிட்ட வந்து ஏம்மா தொண்டை கிழியக் கத்துறேன்?”

“ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிப் பதிவு. நீங்களே பாருங்க.”

என் ஸ்டுடியோதான். பின்னால் அதே நீலத்திரை, மூலையில் நான் டேப் ஒட்டிய கிழிசல். ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆப் சொன்னபடி இடதுபக்கம் திரும்பினேன், வலதுபக்கம் திரும்பினேன், கண் சிமிட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிக் கிடந்தது. சாவி முழுநாளும் என் பையில்தான் இருந்தது.

அப்புறம்தான் புருவத்தைக் கவனித்தேன். எனக்கு இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் தங்கையின் பங்கு மிட்டாயையும் நானே தின்றுவிட்டேன் என்று அவள் தகர டப்பாவை விட்டெறிந்ததில் வந்தது. வீடியோவில் இருந்தவனுக்கு அந்தத் தழும்பு இல்லை.

கணக்குத் தொடங்கியபோது படம் கேட்டார்கள். நானே எடுத்து, பழக்கதோஷத்தில் தழும்பைத் துடைத்துத்தான் அனுப்பினேன்.

“எங்ககிட்ட இருக்கிற படத்தோட அவர் நூத்துக்கு நூறு ஒத்துப்போறார் சார். நீங்கதான் ஒத்துப்போகலை.”

“அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா! நான் துடைச்ச படம் அது!”

“கணக்கு அவரோடது சார்,” என்றாள், இரக்கமாகத்தான். “நீங்க யாருன்னுதான் எங்களுக்குத் தெரியலை.”

அழைப்பு முடிந்ததும் அந்த ஸ்டூலைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை என்று தங்கைக்குப் போன் செய்தேன்.

“பாப்பா, உன் பங்கைத் தொலைச்சுட்டேன். தப்பு முழுக்க என்னுதுதான். மன்னிச்சிரும்மா.”

“யாருங்க பேசுறது?”

“அண்ணன்தான் பேசுறேன்.”

“விளையாடுறீங்களா? அண்ணன் ஞாயிற்றுக்கிழமையே வந்து என் பங்கு மொத்தத்தையும் குடுத்துட்டாரு. இதோ, பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு.”

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். கூடவே ஒரு ஆணும் சிரித்தான். அது என் சிரிப்பு.

“பாப்பா, நான்தான்மா உன் அண்ணன். என் புருவத் தழும்பு ஞாபகமில்லையா? டப்பாவை எறிஞ்சுட்டு, ரத்தத்தைப் பார்த்ததும் என்னைவிட நீதானே அதிகமா அழுதே?”



“எங்கண்ணன் முகத்துல ஒரு கீறல்கூடக் கிடையாதுங்க,” என்றாள். “என் பங்கை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. நான் எதுக்கு அவர் மேல டப்பாவை எறியப்போறேன்?”

போனை வைத்துவிட்டாள். எதிர்க் கண்ணாடியில் என் தழும்பு அப்படியேதான் இருந்தது. அதைத் தந்த தங்கைதான் இல்லாமல் போய்விட்டாள்.