சதுக்கம் என்றால் என்ன

எங்கள் ஊருக்கு எதிர்காலம் வந்து சேர்ந்தது போன செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை, வாடகைக் காரில். காரிலிருந்து இறங்கியவர் டிரிஸ்டன் ஆல்டஸ் என்ற ஆலோசகர். டொராண்டோக்காரர், கணுக்கால் தெரிகிற கால்சட்டை. கெட்டில் நேரோஸ் நகராட்சியின் புதிய நிலப்பயன்பாட்டுத் திட்டத்தை எழுதித் தர அவரை அமர்த்தியிருந்தோம். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் பட்டறை, எதில் வெறும் புல் என்று அடுத்த இருபது வருஷத்துக்கும் வரைபடத்தில் வண்ணம் பூசி வைக்கிற காரியம் அது. பூசிய வண்ணத்துக்கு மாறாக யாரும் ஒரு கொட்டகைகூடப் போட முடியாது.

நான் நகராட்சி எழுத்தர். திட்டத்தில் என் பங்கு, டோனட் வாங்கியதும் ஸ்டிக்கர் பொட்டு வாங்கியதும்தான். ஹாக்கி அரங்கின் கூடத்தில் ஊரின் பெரிய வரைபடத்தை மாட்டினோம். மாற வேண்டிய இடத்தில் சிவப்புப் பொட்டு, வீடு வரலாம் என்ற இடத்தில் மஞ்சள், “நாம் கூடும் இடம்” எதுவோ அங்கே பச்சை. ஜனங்கள் டோனட்டைத் தின்றுவிட்டு, சர்க்கரை விரலோடு ஒட்டினார்கள்.

மேயர் ட்வைட் பெல்கி, டவுன் ஹால் முன்னால் உள்ள காலி இடத்தில் பச்சை குவியும் என்று நம்பியிருந்தார். நீரூற்று வைக்க வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷக் கனவு. அங்கே விழுந்தது இரண்டு பொட்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று, அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் நான் ஒட்டியது.

லைலா கோஸ்கெலாவின் பட்டறையில் மட்டும் நாற்பத்தொன்று.

அதில் வியப்பில்லை. படகு மோட்டார், பனிவண்டி, செயின்சா எது நின்றுபோனாலும் அவளிடம்தான் போக வேண்டும். போனால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் யாருக்கு விவாகரத்து, எங்கே மீன் கடிக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். ஊரே அங்கேதான் கூடுகிறது. கேட்டார்கள், ஒட்டினார்கள்.

பிப்ரவரியில் வரைவு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மேயர் முன்னுரையில் தன் படத்தைப் பார்த்தார். நான் நூற்று எழுபதாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். எதிர்ப்பக்க வரைபடத்தில் லைலாவின் பட்டறை பச்சையாகி, மேலே “சமூகச் சங்கமச் சதுக்கம்” என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. அது தெரியவந்த பிறகு பல வாரம் சரியாகத் தூங்கவில்லை என்பது வேறு கதை.

மார்ச் நடுவில் ஈரப்பனி கொட்டி, ஒரு விடியற்காலையில் பட்டறையின் கூரை உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. மறுநாள் லைலா புதுக் கூரைக்கு அனுமதி கேட்டு டவுன் ஹாலில் என் ஜன்னலுக்கு வந்தாள். நான் வரைவைப் புரட்டினேன். நான் காற்புள்ளி திருத்திய பக்கத்துக்கு எதிரே விரல் நின்றது.

“என்ன மர்லீன், முகம் வெளுக்குது?”

“லைலா, உன் இடம் சதுக்கமாயிடுச்சு.”

“என்னது?”

“ஜனங்க கூடுற எடம். பெஞ்சு, பூச்செடி, அந்த மாதிரி. திட்டம் நிறைவேறுற வரைக்கும் புதுசா எதுவும் கட்ட அனுமதி குடுக்கக்கூடாது. நிறைவேறிட்டா பட்டறைக்குக் கூரையே போட முடியாது.”

“ஓட்டை விழுந்ததை அடைக்கிறதுக்குமா அனுமதி?”

“ஓட்டைன்னா அடைக்கலாம். உன்னோடது மொத்தமாப் போயிடுச்சே.”

அவள் என் மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். “அந்த நாப்பத்தொண்ணுல ஒண்ணு நான் ஒட்டினது. நல்ல எடம்னு தோணுச்சு,” என்றாள்.

மே மாதம் மீன்பிடிப் பருவம் தொடங்குகிறது. அதற்குள் கூரை ஏறாவிட்டால் பட்டறையை மூடிவிட்டு தண்டர் பே நகரத்துக்குப் போய் அக்கா வீட்டில் இருந்துவிடுவேன் என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அறுபது மோட்டார்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. அதில் ஒன்று என்னுடையது.

ஏப்ரல் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறு மணிக்கு நகராட்சிக் கவுன்சில் கூட்டம். வெள்ளிக்கிழமைக்குள் திட்டம் மாகாண அமைச்சகத்துக்குப் போயாக வேண்டும். மேயர் பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். கணப்பு அடுப்பு ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஜனங்கள் கோட்டைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். லைலா கடைசி வரிசையில், உட்காராமல் நின்றாள்.

முதல் நாற்பது நிமிஷம், தொலைநோக்கு வாசகத்தில் ஊர் “துடிப்பான” ஊரா, “உயிர்ப்பான” ஊரா என்பதில் போயிற்று. கடைசியில் இரண்டும் இருக்கட்டும் என்று முடிவானது.

லைலாவுக்கு ஐந்து நிமிஷம் தந்தார்கள். அவள் டிரிஸ்டனைப் பார்த்துப் பேசினாள்.

“தம்பி, எல்லாரும் அங்க ஏன் கூடுறாங்க தெரியுமா?”

“தரவு ரொம்பத் தெளிவா இருக்குங்க. ஊர்லயே அந்த இடத்துமேலதான் மக்களுக்கு அதிகமான பற்று.”

“அவங்க மோட்டார் என்கிட்ட மாட்டிக்கிட்டிருக்கு. அதான் பற்று.”

கூடம் சிரித்தது. டிரிஸ்டன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

“பட்டறையை எடுத்துட்டுப் பெஞ்சு போட்டா எவன் வந்து உக்காருவான்?” என்றாள் லைலா. “நீ உக்காருவியா, ட்வைட்?”

மேயர் தொண்டையைச் செருமினார். “லைலா, உன் உணர்வை நாங்க மதிக்கிறோம். இது ஒரு கௌரவம்னு எடுத்துக்க.”

“கௌரவத்தைக் கூரையில போட முடியுமா?”

வரைபடத்தைத் திருத்தினால் என்ன என்று மேயர் என்னைக் கேட்டார். நிற வரைபடத்தைத் தொட்டால் புதிதாக அறிவிப்புக் கொடுத்து, இருபது நாள் காத்திருந்து, மறுபடி பொதுக்கூட்டம் போட வேண்டும் என்றேன். அமைச்சகத்தின் வெள்ளிக்கிழமை போய்விடும். மேயரின் பேனா இன்னும் வேகமாக ஓசையிட்டது. “அப்ப வாக்கெடுப்புக்குப் போயிடலாம்,” என்றார்.

அப்போதுதான் கவுன்சிலர் ரெஜான் லகாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். காகித ஆலையில் முப்பது வருஷம் தொழிற்சங்கத்துக்காகப் பேரம் பேசியவர். ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் அவரை இன்னும் விடவில்லை.

“மர்லீன், பின்னாடி சொற்பொருள்னு ஒரு பட்டியல் இருக்கே, அதை மாத்தினாலும் இருபது நாளா?”

“வெறும் விளக்கம்னா வேண்டியதில்லை. கவுன்சில் இங்கயே செஞ்சுக்கலாம்.”

“அதுல ‘கோழி’ன்னா என்னன்னு இருக்கு. ‘வேலி’ன்னா என்னன்னு அரைப்பக்கம் இருக்கு. ‘சதுக்கம்’னா என்னன்னு காணோமே, தம்பி?”

டிரிஸ்டன் பக்கங்களைப் புரட்டினார். காது நுனி சிவந்தது. “அது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டோம்.”

“எனக்குத் தெரியல. நான் ஆலைக்காரன். எழுதிக்க மர்லீன்: சதுக்கம் என்பது மக்கள் வந்து நின்று பேசும் இடம், கூரை உள்ளதோ இல்லாததோ. அங்கே படகு மோட்டார், பனிவண்டி, செயின்சா ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதும் இதில் அடங்கும்.”

“ரெஜான், உலகத்துல எந்தச் சதுக்கத்துல செயின்சா ரிப்பேர் பண்றாங்க?” என்றார் மேயர்.

“தரவைக் கேளுங்க மேயரே. நாப்பத்தொரு பேர் சொல்லியிருக்காங்க.”

டிரிஸ்டன் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் சரிபார்த்தார். தரவுக்கு எதிராக அவரிடம் ஒன்றும் இல்லை.

மேயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், வெள்ளிக்கிழமையைப் பார்த்தார். கை தூக்கினார். மற்ற நான்கு பேரும் தூக்கினார்கள், விளக்கத்தோடு திட்டம் நிறைவேறியது. கடைசி வரிசையில் லைலா அப்போதும் உட்காரவில்லை. ஏதாவது தவறு நடந்துவிடுமோ என்பதுபோலக் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் ஜன்னல் திறக்குமுன்பே வாசலில் அவள் லாரி நின்றது. படிவத்தில் “கட்டடத்தின் வகை” என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்ன எழுதட்டும்?”

“சதுக்கம்.”

“கிண்டலா?”

“சட்டம்.”

எழுதினாள். நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது மேயர் கையில் வரைவோடு உள்ளே வந்தார். இரவெல்லாம் யோசித்த முகம்.

“மர்லீன், அந்த விளக்கம் லைலாவோட சதுக்கத்துக்கு மட்டும்தானே?”

நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. “திட்டத்துல ரெண்டு சதுக்கம் இருக்குங்க, டவுன் ஹால் முன்னாடி உங்களோடதும் சேர்த்து. ரெண்டுக்கும்தான்.”

அவர் ஜன்னல் வழியே டவுன் ஹால் முன்னால் உள்ள காலி இடத்தைப் பார்த்தபடி நின்றார். நீரூற்றுக்குப் பக்கத்தில் செயின்சாக்காரர்கள் எங்கே நிற்பார்கள் என்று அளப்பதுபோல இருந்தது.

லைலா முத்திரை மை காயும்வரை நிற்கவில்லை. காகிதத்தை ஊதிக்கொண்டே வெளியே போனாள். கூரைச் சட்டங்களை நேற்றே கொண்டு வரச் சொல்லியிருந்தாளாம்.